காந்தத்தைக் கரைத்து நிரலில் விட்டேன், எல்லாம் ஒன்றாய் இறங்கிவிட்டது. ஏன்?

முள்ளியவளையில் இருந்து உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பழுதான ஹார்ட் டிஸ்க்குகளில் இருந்து கழற்றிய காந்தம் 10 கிராம் அளவில் எடுத்து, ஐதரோக்குளோரிக் அமிலத்தில் கரைத்தாராம். ஊர்க் குடிநீர் நிலையத்தில் மாற்றிக் கழித்த, தண்ணீரை மென்மையாக்கும் ரெசின் மணிகளைக் கேட்டு வாங்கி 50 மில்லிலீற்றர் அளவி (பியூரெட்) ஒன்றுக்குள் நிரப்பி, கரைசலை அதற்குள் விட்டு, மேலே இருந்து கிணற்றுத் தண்ணீரில் கரைத்த உப்பை ஊற்றினாராம். அருமண் (rare earth) உலோகங்களான நியோடிமியம் ஒரு பட்டியாகவும் பிரசியோடிமியம் இன்னொரு பட்டியாகவும் வரும் என்று பார்த்திருக்க, பச்சை கலந்த மஞ்சளாய் எல்லாம் ஒன்றாய் இறங்கிவிட்டது. ரெசின் பழுதா, அளவி நீளம் காணாதா என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "இது சரிவந்தால் புல்மோட்டை மணலையும் நாங்களே பிரிக்கலாம்தானே?"

தம்பி, புல்மோட்டைக் கரையின் கனிம மணலைப் பற்றிய அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். முதல் பாதிக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால்தான் அதற்கும் பதில் கிடைக்கும் என்பதால் அளவியில் இருந்தே தொடங்குகிறேன். நான் அயன் பரிமாற்ற நிரல்களோடு, அதாவது அயன்களைப் பிடித்து மாற்றிக்கொள்ளும் ரெசின் மணி நிரப்பிய குழாய்களோடு, இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். அதைப்பற்றி எழுதுவதெல்லாம் என் கைபட்ட விடயம். ஆலை அளவில் நடக்கும் கரைப்பான் பிரிப்பை நான் படித்துத்தான் அறிந்திருக்கிறேன், அங்கே நின்று வேலை செய்ததில்லை. இரண்டையும் வாசிக்கும்போது அந்த வித்தியாசத்தை மனதில் வைத்திருங்கள்.

முதலில் ஒரு கணக்கு. ஹார்ட் டிஸ்க் காந்தத்தின் அடிப்படைச் சேர்வையில் இரண்டு நியோடிமியம் அணுவுக்குப் பதினான்கு இரும்பு அணு, ஒரு போரன் அணு. நிறையில் பார்த்தால் நூற்றுக்கு 27 பங்கு நியோடிமியம், 72 பங்கு இரும்பு. நீங்கள் கரைத்த 10 கிராமில் உள்ள இரும்பும் நியோடிமியமும் சேர்ந்து ஏறத்தாழ 0.31 மோல் மின்னேற்றத்துக்கு இடம் கேட்கும். தண்ணீர் மென்மையாக்கும் ரெசின் ஒரு லீற்றரில் 2 மோல் அளவு ஏற்றத்தைத்தான் பிடிக்கும். அப்படியென்றால் உங்கள் 50 மில்லிலீற்றர் பிடிப்பது 0.1 மோல். மூன்று மடங்கு சனத்தை ஒரு மண்டபத்துக்குள் ஏற்றியிருக்கிறீர்கள். மிஞ்சிய அமிலத்தின் ஐதரசன் அயனும் அதே இடத்துக்குத்தான் போட்டி போடும். ஆகவே உப்புத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே பாதிக்கு மேற்பட்டது கீழே போய்விட்டது. நீங்கள் கண்ட பச்சை மஞ்சள், இரும்பின் நிறம். நியோடிமியத்தின் மெல்லிய ஊதாவை அதற்குள் யாராலும் காண முடியாது. இவ்வளவும் நிச்சயம். ரெசின் பழுதா என்பது நிச்சயமில்லை. குடிநீர் நிலையத்தில் வருடக்கணக்கில் கிடந்த மணிகளில் இரும்புக் கறை படிந்திருக்கலாம், சில உடைந்திருக்கலாம். கையில் எடுத்துப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் புத்தம்புது ரெசினாக இருந்தாலும் உங்களுக்கு இதே முடிவுதான் வந்திருக்கும்.

இரும்பே இல்லை, சுத்தமான நியோடிமியமும் பிரசியோடிமியமும் மட்டும் கொஞ்சமாக விட்டிருந்தாலும் உப்புத் தண்ணீர் அவற்றைப் பிரித்திருக்காது. விடயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஏ9 வீதியில் வவுனியாவில் இருந்து பரந்தனுக்கு நடந்து போகும் இரண்டு கூட்டத்தாரை நினையுங்கள். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி என்று எல்லா இடத்திலும் இரு கூட்டமும் தங்கும். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்காமல் யாரும் போவதில்லை. முதல் கூட்டம் ஓரிடத்தில் சராசரியாக 50 நிமிடம் தங்கும், மற்றது 51 நிமிடம். ஆறு இடம் தாண்டியதும் இரண்டுக்கும் இடையில் ஆறே நிமிடம். ஒரு கூட்டத்துக்குள்ளேயே முந்தி வருபவருக்கும் பிந்தி வருபவருக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் இருக்குமே! பரந்தனில் நிற்பவருக்கு இரண்டு கூட்டமும் ஒரே கூட்டம்தான். தங்குமிடம் என்பது ரெசினில் அயன் ஒட்டி நிற்கும் இடம், கூட்டம் என்பது கோடிக்கணக்கான அயன்கள்.

இதைத் தீர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, தங்குமிடங்களைக் கூட்டுவது. அவற்றை நூறு மடங்காக்கினால் இரு கூட்டங்களின் இடைவெளியும் நூறு மடங்காகும், ஆனால் ஒரு கூட்டம் தனக்குள் சிதறுவது பத்து மடங்கால்தான் கூடும். நீளமான நிரலும் நுண்ணிய மணிகளும் பிரிப்பதன் இரகசியம் இந்தக் கணக்குத்தான். மற்ற வழி, 50க்கும் 51க்கும் இருக்கும் வித்தியாசத்தை 50க்கும் 80க்கும் ஆக்குவது. அதை ரெசின் செய்யாது. நீங்கள் மேலே ஊற்றும் கரைசல்தான் செய்ய வேண்டும்.

அருமண் மூலகங்கள் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு வருகின்றன? இலந்தனத்தில் இருந்து லூற்றேசியம் வரை பதினைந்து மூலகங்களுக்கும் கரைசலில் வழக்கமான ஏற்றம் மூன்று. வெளியோட்டில் வித்தியாசம் இல்லை, உள்ளே 4எஃப் ஓட்டில்தான் இலத்திரன் கூடிக்கொண்டு போகிறது. கருவின் இழுப்புக் கூடக் கூட அயன் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. இலந்தனம் அயனின் ஆரை 103 பிக்கோமீற்றர், லூற்றேசியத்துக்கு 86. பதினான்கு படியில் 17 பிக்கோமீற்றர் வித்தியாசம். பக்கத்துப் பக்கத்து மூலகங்களுக்கு இடையில் ஏறத்தாழ ஒன்றேகால்தான். இந்த மயிரிழையைப் பிடித்துத்தான் பிரிக்க வேண்டும். 1841இல் மொசாண்டர் டிடிமியம் என்று பெயர் வைத்ததை உலகம் நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே மூலகம் என்று நம்பியது. அந்தப் பெயரின் கருத்து இரட்டையர். 1885இல் அவுயர் வொன் வெல்ஸ்பாக் அதன் இரட்டை நைத்திரேற்று உப்பைத் திரும்பத் திரும்பப் பளிங்காக்கி, பச்சை இரட்டையர், புதிய இரட்டையர் என்று இரண்டாக உடைத்தார். அவைதான் நீங்கள் தேடும் பிரசியோடிமியமும் நியோடிமியமும். 1911இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் ஜேம்ஸ் தூய தூலியம் பெறுவதற்காகச் செய்த பளிங்காக்கங்கள் 15,000 என்று பதிவிருக்கிறது. பாத்திரத்தில் இருந்து பாத்திரத்துக்கு, வருடக்கணக்கில். அந்த எண்ணை நான் மாணவர்களுக்குச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

நிரல் வந்த பிறகு அந்த வேலை நாட்களுக்குள் அடங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அணுகுண்டுத் திட்டத்துக்காக யுரேனியப் பிளவில் வரும் அருமண் மூலகங்களைப் பிரிக்க வேண்டி வந்தது. ஓக்ரிட்ஜில் ஒரு குழுவும், அயோவாவின் ஏம்ஸில் ஃபிராங்க் ஸ்பெடிங்கின் குழுவும் கற்றயன் (நேரேற்ற அயன்) பரிமாற்ற ரெசினில் சித்திரேற்றுக் கரைசலை ஓடவிட்டுப் பிரித்தார்கள். 61ஆம் மூலகமான புரோமீதியத்தை 1945இல் மரின்ஸ்கியும் கிளெண்டெனினும் கொரியெலும் அடையாளம் கண்டது இந்த நிரலின் துணையோடுதான். இரகசியம் கலைந்து 1947இல்தான் இந்த வேலைகள் வெளியே வந்தன. பிறகு ஸ்பெடிங் சித்திரேற்றை விட்டு ஈடிடிஏ (EDTA) என்ற சேதன அமிலத்துக்கு மாறி, தூய அருமண் சேர்வைகளைக் கிலோக் கணக்கில் தந்தார்.

அந்தக் கரைசல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஈடிடிஏ போன்ற இணையி, அயனைச் சுற்றிப் பிடித்து ரெசினில் இருந்து கழற்றிக் கொண்டு போகும். சிறிய அயனைச் சற்று இறுக்கமாகப் பிடிக்கும். பிடிப்பின் மாறிலியை மடக்கையில் சொன்னால் இலந்தனத்துக்கு 15.5, பிரசியோடிமியத்துக்கு 16.4, நியோடிமியத்துக்கு 16.6, லூற்றேசியத்துக்கு 19.8. பிரசியோடிமியத்துக்கும் நியோடிமியத்துக்கும் இடையில் 0.2 மடக்கை அலகு என்றால் பிடிப்பு ஏறத்தாழ 1.6 மடங்கு. நான் மேலே சொன்ன 50க்கு 80 அதுதான். ஆகவே பாரமான, சிறிய லூற்றேசியம் முதலில் இறங்கும், இலந்தனம் கடைசியில். புத்தகத்தில் படித்த அணுவெண் வரிசை தலைகீழாக வெளியே வரும். முதல்முறை பார்ப்பவர்கள் பிழைத்துவிட்டது என்று நினைப்பார்கள், பயப்பட வேண்டாம்.

ஒரே இணையி எல்லாச் சோடிக்கும் உதவாது. ஈடிடிஏக்கு யூரோப்பியமும் கடோலினியமும் ஏறத்தாழ ஒன்றுதான்: 17.35, 17.37. அங்கே யூரோப்பியத்தை நாகம் (துத்தநாகம்) கொண்டு இரண்டேற்ற நிலைக்குத் தாழ்த்தி, சல்பேற்றாக வீழ்த்தி எடுப்பார்கள். சீரியத்தை நான்கேற்றத்துக்கு ஒட்சியேற்றினால் அதுவும் கூட்டத்தை விட்டுத் தனியே விலகிவிடும். நிரலைத் தொடுவதற்கு முன் இப்படி இரசாயனத்தால் தள்ளக்கூடியதைத் தள்ளிவிடுவதுதான் அனுபவமுள்ளவர்கள் செய்யும் முதல் வேலை. அல்பா ஐதரொட்சி ஐசோபியூற்றிரிக் அமிலம் என்று ஒன்று உண்டு. சோப்பினும் சில்வாவும் 1956இல் அறிமுகப்படுத்தியது. சிறு அளவுப் பகுப்பாய்வுக்கு என் அனுபவத்தில் அதற்கு இணை இல்லை.

நிரலில் செப்பு செய்யும் வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் இதிலேதான் முதல் அடி வாங்கினேன். படித்து முடித்த புதிதில், ஐதரசன் அயன் நிரம்பிய ரெசினில் நியோடிமியத்தை ஏற்றிவிட்டு நேரே ஈடிடிஏக் கரைசலை ஊற்றினேன். இரவு ஊற்றியது, காலையில் துளி விழவில்லை. கண்ணாடிக்குள்ளே வெள்ளைத் தூள் இறுகிக் கிடந்தது. ரெசினில் இருந்து வந்த ஐதரசன் அயன் ஈடிடிஏயை அமிலமாக்கிவிட்டது. அந்த அமிலம் ஒரு லீற்றர் தண்ணீரில் அரைக் கிராம் அளவுதான் கரையும். முழு நிரலையும் தோண்டி எடுத்து எறிய வேண்டி வந்தது. ஸ்பெடிங்கின் வழி வேறு. அருமண் ஏற்றிய ரெசினுக்குக் கீழே, செப்பு ஏற்றிய ரெசின் படுக்கை ஒன்றை வைப்பார். ஈடிடிஏ செப்பை 18.8 என்று பிடிக்கும், நியோடிமியத்தைவிட இறுக்கமாக. நியோடிமியத்தைக் காவிக்கொண்டு வரும் ஈடிடிஏ எல்லையில் செப்பைக் கண்டதும் நியோடிமியத்தை விட்டுவிட்டுச் செப்பை ஏந்திக்கொள்ளும். நியோடிமியம் மறுபடியும் ரெசினில் உட்காரும். அடுத்த ஈடிடிஏ வந்து தூக்கும், மறுபடியும் உட்காரும். முந்தி ஓடப் பார்க்கும் அயனைச் செப்பு மறித்து நிறுத்துகிறது, பிந்தி நிற்பதைப் பின்னால் வரும் ஈடிடிஏ தள்ளுகிறது. அதனால் பட்டிகள் சிதறாமல், ஒன்றன் வாலில் மற்றது தலை வைத்தது போல, கூரான எல்லையோடு இறங்கும். செப்பின் நீலம் மெதுவாய்க் கீழே ஒதுங்க அதன் பின்னால் நியோடிமியத்தின் ஊதா, அதன் பின்னால் பிரசியோடிமியத்தின் இளம்பச்சை என்று நகர்வதை ஒருமுறை கண்டவர் மறக்க மாட்டார். எல்லை இருக்கும் இடத்தில் இரண்டும் கொஞ்சம் கலந்தே இருக்கும். அந்தப் பகுதியை வேறாகப் பிடித்து அடுத்த ஓட்டத்துக்கு வைப்போம். பட்டியின் நீளத்தைப் போலப் பல மடங்கு தூரம் நகர்ந்தால்தான் இந்த ஒழுங்கு வரும் என்பதால், ஒரு ஓட்டத்துக்கு நாட்கணக்காகலாம்.

உங்கள் அளவிக்கு வருவோம். மென்மையாக்கும் ரெசின் மணி அரை மில்லிமீற்றர், அதற்கு மேலும் இருக்கும். நிரல் வேலைக்கு நாங்கள் பாவிப்பது 0.1 மில்லிமீற்றர் அளவு மணி. அயன் மணிக்குள் ஊடுருவிப் போய் வெளியே வர எடுக்கும் நேரம் விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். மணி ஆறு மடங்கு பெரிதென்றால் நேரம் முப்பத்தாறு மடங்கு. நீங்கள் எவ்வளவு மெதுவாக விட்டாலும் அயன்களுக்கு உள்ளே போய்வர அவகாசம் காணாது. இரண்டாவது தண்ணீர். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் கேத்திலில் வெள்ளைப் படிவு விடும் கடினத் தண்ணீர்தான். அந்தக் கல்சியம் முழுவதும் போய் ரெசினில் உட்காரும். வாகன பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்குங்கள், அதையும் கொதிக்க வைத்து மூடி ஆறவிட்டுப் பாவியுங்கள். இல்லாவிட்டால் பகல் வெக்கையில் கரைந்திருந்த காற்று குமிழாகி ரெசினுக்குள் நிற்கும், தண்ணீர் ஒரு பக்கமாய் வழி கண்டுபிடித்து ஓடும். ரெசினின் மேல்மட்டம் ஒருபோதும் காயக்கூடாது. மூன்றாவது, ஏற்றும் அளவு. நிரலின் கொள்ளளவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் ஏற்றலாம். உங்கள் அளவிக்கு அது நியோடிமியத்தில் 0.1 கிராம், அதற்கு மேல் வேண்டாம்.

0.1 கிராம் நியோடிமியம் 50 மில்லிலீற்றரில் கரைந்து வந்தால் நிறம் மங்கலாய்த் தெரியும். 10 மில்லிகிராம் என்றால் நிறமில்லாத வெறும் தண்ணீர் போலத்தான் இருக்கும். அதனால் நிரலின் கீழே சிறிது சிறிதாகப் பிடிக்கும் கூறுகளைக் கண்ணை நம்பிப் பிரிக்காதீர்கள். ஆர்செனாசோ 3 என்ற சுட்டி, அருமண் அயன் இருந்தால் செந்நிறத்தில் இருந்து நீலத்துக்குப் போகும். ஒரு துளி போதும். அதில் ஆர்செனிக் இருப்பதால் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியர் கையில் வைத்திருக்கட்டும். எது நியோடிமியம், எது பிரசியோடிமியம் என்று அறிய நிறமாலைமானி வேண்டும். நியோடிமியம் 575 நனோமீற்றர் அளவிலும், பிரசியோடிமியம் 444 அளவிலும் ஒளியை உறிஞ்சும். அந்தக் கூர்மையான முகடுகள் கைரேகை மாதிரி, தடுமாற்றமே இல்லை. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. ஆசிரியர் மூலம் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள், நான்கைந்து கூறுகளை அளந்து பார்க்க அரை மணித்தியாலம்தான்.

காந்தத்தை விட மனமில்லை என்றால் முதலில் இரும்பைக் கழியுங்கள். நீர்த்த சல்பூரிக் அமிலத்தில் கரைத்து, சோடியம் சல்பேற்றைச் சேர்த்துச் சூடாக்கினால் நியோடிமியமும் சோடியமும் சேர்ந்த இரட்டைச் சல்பேற்று வெளிறிய ஊதாத் தூளாய் அடியில் படியும், இரும்பு கரைசலிலேயே நிற்கும். சூட்டில் இது குறைவாகக் கரையும் என்பதுதான் இதன் நயம். வடித்துக் கழுவி, சோடியம் ஐதரொட்சைட்டால் ஐதரொட்சைட்டாக மாற்றி, சல்பேற்று போகும்வரை கழுவி, கொஞ்சம் ஐதரோக்குளோரிக் அமிலத்தில் கரைத்தால் நிரலுக்கு ஏற்ற கரைசல் தயார். ஒட்சாலிக் அமிலத்தால் வீழ்த்தலாம் என்று சிலர் சொல்வார்கள், அதுவும் சரி. ஆனால் இரும்பு இரண்டேற்ற நிலையில் இருந்தால் மஞ்சள் இரும்பு ஒட்சலேற்றும் சேர்ந்து விழுந்து உங்களை ஏமாற்றும். கரைக்கும்போது ஐதரசன் வாயு வரும், திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில், ஆசிரியர் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள். காந்தத்தை உலர்வாக அரைக்கவே வேண்டாம், அந்தத் தூள் தானாகவே தீப்பிடிக்கும். உங்கள் காந்தத்தில் பிரசியோடிமியம் இருக்கிறதா என்பதும் நிச்சயமில்லை. சில காந்தங்களில் நிறைய, சிலவற்றில் பெயருக்கு. அதனால் முதல் பரிசோதனைக்கு நியோடிமியமும் எர்பியமும் என்று தூரத்து உறவுள்ள இரண்டு உப்பைக் கொஞ்சமாகப் பெற்று, சித்திரிக் அமிலத்தை அமோனியாவால் பீஎச் 3 அளவுக்குச் சரிசெய்து ஓடவிடுங்கள். எர்பியம் முந்தி வரும், இடைவெளி தாராளமாய் இருக்கும். பீஎச் 0.1 மாறினாலே கூறுகள் இறங்கும் இடம் வெகுவாக மாறும் என்பதால் ஒரே போத்தல் கரைசலை முழு ஓட்டத்துக்கும் வைத்திருங்கள். அது கைவந்த பிறகு பக்கத்துச் சோடிக்குப் போங்கள்.

இனிப் புல்மோட்டை. கொக்கிளாய்க் களப்புக்கு அப்பால் இருக்கும் அந்தக் கரையின் கறுப்பு மணல் பெரும்பாலும் இல்மனைட்டு, கூடவே ரூட்டைல், சிர்க்கோன். அருமண் இருப்பது மொனசைட்டு என்ற கனிமத்தில், அது அங்கே மிகச் சிறிய பங்குதான். வாடைக்காற்றோடு வரும் அலை இலேசான குவார்ட்சு மணலை அள்ளிக்கொண்டு போய்ப் பாரமானதைக் கரையில் விட்டுப்போகிறது. குவார்ட்சின் அடர்த்தி 2.65, மொனசைட்டு ஏறத்தாழ 5. முல்லைத்தீவுக் கரையில் மாரி முடியும் நேரம் காலடியில் கறுப்புக் கோடு ஓடுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். முதல் பிரிப்பைக் கடலே செய்துவிட்டது. அடுத்தது காந்தத்தாலும் மின்னேற்றத்தாலும் உலர்வாகவே நடக்கும். அதற்குப் பிறகு வரும் மொனசைட்டுத்தான் வில்லங்கம். அது பொசுபேற்று, சாதாரண அமிலத்துக்கு மசியாது. செறிந்த சல்பூரிக் அமிலத்தில் 200 பாகை அளவில் அல்லது செறிந்த காரத்தில் வேகவைத்துத்தான் உடைப்பார்கள். உடைந்ததும் அருமண்ணோடு தோரியமும் வெளியே வரும், தோரியத்தின் பரம்பரையில் வரும் ரேடியமும் சேர்ந்து வரும். மணல்மணிக்குள் பூட்டிக் கிடந்த கதிர்த்தொழிற்பாடு அந்தக் கணத்தில் கரைசலாகவும் தூசியாகவும் வாயுவாகவும் மாறுகிறது. இதை வீட்டிலோ பாடசாலையிலோ ஒரு கரண்டி அளவில்கூடச் செய்யக்கூடாது. இந்த இடத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

எங்கள் நாட்டு மண்ணில் இந்த மூலகங்கள் கவனிக்கப்படாமல் கிடந்தவை அல்ல. 1904இல் தோரியனைட்டு என்ற தோரியக் கனிமத்தை இலங்கையில் கண்டுபிடித்தவர் ஆனந்த குமாரசாமி, கலை விமர்சகராக உலகம் அறிந்த அதே மனிதர். அப்போது கனிம அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளர். பக்கத்தில் கேரளத்தின் ஆலுவாவில் 1952 முதல் மொனசைட்டை உடைக்கும் ஆலை பல தசாப்தம் ஓடியது. ஆகவே இது முடியாத காரியமில்லை. ஆனால் முடிப்பது நிரல் அல்ல. 1960களில் இருந்து ஆலைகள் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் பொசுபரசுச் சேர்ந்த சேதன அமிலத்தைக் கலந்து, நூற்றுக்கணக்கான கலக்கும் தொட்டிகளையும் தெளியவிடும் தொட்டிகளையும் வரிசையாய் வைத்துப் பிரிக்கின்றன. அதில் நிறுத்தாமல் தொன் கணக்கில் ஓடவிடலாம், நிரலில் ஒருமுறை ஏற்றியது இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். மொனசைட்டில் அதிகம் இருப்பது சீரியமும் இலந்தனமும், விலை குறைந்தவை. விலைபோகும் நியோடிமியம் அதற்கு அடுத்தபடி, டிஸ்புரோசியமும் டெர்பியமும் மிகக் கொஞ்சம். தோரியத்தைப் பாதுகாப்பாக வைக்க இடமும், அதற்கு நூறு வருடப் பொறுப்பும் இல்லாமல் இந்தத் தொழிலைத் தொடங்கக்கூடாது என்பது என் கருத்து. கரையோர மக்கள் மணல் அள்ளுவதைப் பற்றிக் கவலைப்படுவது நியாயமானது. அவர்களிடம் கேட்காமல் செய்யும் எந்தக் கணக்கும் அரைக் கணக்கு.

அப்படியென்றால் நிரல் பழங்கதையா? இல்லவே இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பாவிக்கும் லூற்றேசியம் 177ஐ இற்றேர்பியம் 176இல் இருந்து ஆக்கி, அந்தப் பக்கத்து மூலகத்தில் இருந்து பிரித்தெடுப்பது நிரலில்தான். அரைவாழ்வு 6.6 நாள் என்பதால் ஆறுதலாய் இருந்து செய்யவும் முடியாது. பாறையின் வயதை அறிய சமாரியத்தையும் நியோடிமியத்தையும் பிரிப்பவர்கள் விரல் அளவு நிரலில் மில்லிகிராமுக்கும் குறைவாக வைத்து வேலை செய்கிறார்கள். 2018இல் பக்டீரியா ஒன்றில் இருந்து லான்மொடுலின் என்ற புரதம் கண்டறியப்பட்டது. அருமண் அயன்களைக் கல்சியத்தைவிடப் பல கோடி மடங்கு விரும்பிப் பிடிக்கும். அந்த வகைப் புரதம் ஒன்றை மணிகளில் ஒட்டி, நியோடிமியத்தையும் டிஸ்புரோசியத்தையும் நிரலில் பிரித்தும் காட்டியிருக்கிறார்கள். அது ஆலை அளவில் விலைக்குக் கட்டுமா என்பது இன்னும் நிரூபிக்கப்படாத விடயம். காந்தக் கழிவில் இருந்து அருமண்ணை மீட்க அது உதவும் என்று நான் நம்புகிறேன், நம்பிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கவனித்தீர்களா, நீங்கள் கையில் எடுத்த ஹார்ட் டிஸ்க் காந்தத்தில் தோரியம் இல்லை, பொசுபேற்று இல்லை, நூற்றுக்கு 27 பங்கு நியோடிமியம் உண்டு. மணலைவிட நல்ல தாது ஏற்கனவே உங்கள் மேசையில் இருக்கிறது.

இரண்டு மாதத்துக்குள் நியோடிமியம், எர்பியம் ஓட்டத்தைச் செய்து பாருங்கள். ரெசின் உயரம், விட்டம், ஒரு நிமிடத்துக்கு எத்தனை துளி, கரைசலின் பீஎச், ஒவ்வொரு 5 மில்லிலீற்றர் கூறிலும் சுட்டி காட்டிய நிறம், எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி இங்கே போடுங்கள். பிழைத்தாலும் போடுங்கள், எந்தக் கூறில் பிழைத்தது என்று சேர்ந்து பார்க்கலாம். கிடைக்கும் நியோடிமியக் கரைசலை ஊற்றிவிடாமல் ஒரு சிறு போத்தலில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில் ஊதாவாக இருக்கும் அது, இரவு வகுப்பறை ரியூப் லைட்டின் கீழே நீலம் பாய்ந்த சாம்பலாக நிற்கும்.